எலுமிச்சம்பழமும் ஹக்கபி ஸ்டிக்கரும்

"ஐயோ, அதை உரிக்காதே கெல்வின்!"

நோலீன் மடக்கு நாற்காலியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அவள் கணவர் கெல்வின் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கையில் அவளுடைய ஹேர் டிரையர், மறு கையில் ஒரு பிளாஸ்டிக் தகடு. புத்தம்புது கேரவனின் முதுகில் 'ஹக்கபி கேரவன்ஸ்' என்று ஃபோன் நம்பரோடு முழ நீளத்துக்கு ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சூடு காட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் உரிக்கறே? அதைச் சொல்லு."

"சும்மாதான். பார்க்க நல்லா இல்ல."

"வண்டியில எதுதான் நல்லா இருக்கு?"

நியாயமான கேள்வி. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் அந்தச் சக்கர வீட்டை வாங்கிப் பதினொரு வாரம்தான் ஆகிறது. மழை பெய்தால் கூரை ஒழுகும். மழை நின்ற பிறகும் ஒழுகும். பிரிட்ஜில் வைத்த வெண்ணெய் உருகும், அடுப்பில் வைத்த கோழி வேகாது. இரண்டுக்கும் இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று நோலீனுக்குச் சந்தேகம். விற்ற ஹக்கபியோ, கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம் மேடம்" என்பதோடு சரி.

நம்மூரில் புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்குவோம். இங்கே ஆஸ்திரேலியாவில், வாங்கின வண்டி மட்டமென்றால் அந்த வண்டியையே எலுமிச்சம்பழம் என்பார்கள். நோலீன் தபாலில் சொல்லி, ஆளுயர எலுமிச்சம்பழப் படம் ஒன்றை வரவழைத்திருந்தாள். அதை ஹக்கபியின் பெயருக்குக் கீழே ஒட்டுவது, நாடு பூராவும் அவன் மானத்தை வாங்குவது, அவன் அலறியடித்துக்கொண்டு வேறு கேரவன் தருவது. இதுதான் திட்டம்.

"பேரை எடுத்துட்டு எலுமிச்சம்பழத்தை மட்டும் ஒட்டினா, நாம ஜூஸ் விக்கறோம்னு நினைப்பாங்க!" என்று கத்தினாள்.

சாயங்காலம் ஐந்து மணி. கேரவன்கள் வந்து தங்கும் பூங்காவில் எல்லோரும் நாற்காலி, பீர், சீஸ் தட்டு சகிதம் வட்டம் போட்டு உட்காரும் நேரம். அன்று காலையில்தான் பக்கத்து இடத்தில் வந்து இறங்கிய க்ளெனிஸும் அவள் கணவர் மெர்வினும் நாற்காலியை இந்தப் பக்கமாகவே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

"பேரை உரிக்கறதுக்கு ஹக்கபி எவ்வளவு வெட்டினான் கெல்வின்?" என்றாள் க்ளெனிஸ்.

"வாங்கறதுதான் வாங்கினே, எங்களுக்கும் ரெண்டு பீர் வாங்கிக் குடு," என்றார் மெர்வின்.

எல்லோரும் சிரித்தார்கள். கெல்வின் பிடி கொடுத்தால்தானே? "பசை ரொம்ப கெட்டி. இந்த வண்டியில உருப்படியா வேலை பார்க்கறது இது ஒண்ணுதான்," என்றபடி 'ஹக்க'வை முடித்து 'பி'க்குப் போனார்.

நோலீனுக்கு அவமானமாக இருந்தது. நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணிய மனிதர், ஏமாற்றினவன் பக்கம் சாய்ந்துவிட்டாரே. வந்த வழியெல்லாம் முன்பின் தெரியாத ஜனங்கள்கூட எத்தனை பிரியமாக இருந்தார்கள்! கேரவன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் கையசைப்பது வழக்கம்தான். ஆனால் இவர்களுக்கோ காரில் முந்திப் போனவர்கள், லாரிக்காரர்கள், ஒரு பால் வண்டிக்காரர்கூட ஹாரனை விடாமல் அடித்து, ஜன்னலை இறக்கி, கையை நீட்டி நீட்டி ஆட்டிவிட்டுப் போனார்கள். நோலீனும் சளைக்காமல் பதிலுக்குக் கையசைத்தாள். கெல்வின்தான் எந்த நேரமும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பொறுத்தது போதும் என்று ஹக்கபிக்கே ஃபோன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் அழுத்தினாள்.

"மிஸ்டர் ஹக்கபி, உன் ஸ்டிக்கரை உரிக்க என் புருஷனுக்கு எவ்வளவு குடுத்தே?"

"நான் எதுக்கு மேடம் குடுக்கணும்? அதைப் பார்த்துட்டு எனக்கு நாற்பத்து மூணு பேர் ஃபோன் பண்ணிட்டாங்க."

"கூரை ஒழுகுதுன்னா?"

"ஒழுகுதுன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. மத்தவங்க எல்லாம் வண்டி ஓட்டற லட்சணத்தைப் பத்தி! நூறுல போற ரோட்டுல நாற்பத்தஞ்சாம், அதுவும் நட்ட நடுவுல! பின்னால ரெண்டு கிலோமீட்டருக்குக் கார் நிக்குதாம். முதுகுல இருக்கறது என் நம்பர்தானே, திட்டறவன் என்னைத்தானே திட்டுவான்? நேத்து ஒருத்தன் என் அம்மாவையே இழுத்துட்டான் மேடம்!"

வட்டத்தில் சிரிப்பு வெடித்தது. நோலீன் ஸ்பீக்கரை அணைக்கத் தடுமாறினாள்.

"உங்க புருஷன்கிட்ட கேட்டேன். 'நான்தான் ஓட்டறேன், மன்னிச்சுக்கோங்க, நோலீன் காதுக்கு மட்டும் போகவேண்டாம், நம்பரை நானே உரிச்சுடறேன்'னார். தங்கமான மனுஷன் மேடம். ஆனா ஓட்டத் தெரியல."

ஃபோன் அடங்கியது. மெர்வின் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட கெல்வின்! ஊரையே நிறுத்தி வச்சது நீதானா?"

"என்ன பண்றது, வயசாச்சு," என்று கெல்வினும் சேர்ந்து சிரித்தார். நோலீனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளையிலேர்ந்து ஸ்டியரிங்கை நோலீன்கிட்ட குடுத்துடு. எல்லாருக்கும் நல்லது," என்றாள் க்ளெனிஸ்.

நோலீன் நேரே போய்க் கெல்வின் கையிலிருந்த ஹேர் டிரையரை வாங்கிக்கொண்டாள்.

"நகரு. மிச்சத்தை நான் உரிக்கறேன்," என்றவள், வட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஆறு மாசமா ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் இவருக்கு உத்தரவு போட்டிருக்கார், க்ளெனிஸ். ஓட்டிட்டு வந்தது பூரா நான்தான்."