பன்னீர் திராட்சை

தர்ஷினி எழுதிக் கொடுத்த நான்கு பக்கப் புகார் கல்லூரி முதல்வரின் மேசையில் மின்விசிறிக் காற்றுக்குப் படபடக்கிறது. விளையாட்டுச் சாமான் அறையில் கபடி அணியின் கேப்டன் அவளைப் பலவந்தப்படுத்தியது அதில் மணி, நிமிடத்தோடு இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாதென்று அம்மா ராமுத்தாய் சுருளிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தது. "விசாரிக்க மாட்டோம்னு சொல்லலம்மா. பல்கலைக்கழகப் போட்டி முடியட்டும், இருபது நாள்தான். அதுவரைக்கும் பொண்ணு வீட்டுல இருக்கட்டும்" என்கிறார் முதல்வர். "தப்புச் செஞ்சவன் வெளையாடுவான், எம்புள்ள வீட்டுல கெடக்கணுமா சார்?" தர்ஷினியின் பக்கத்து நாற்காலியிலிருந்து அம்மா கேட்கிறாள். அவர் மணியை அழுத்துகிறார். வந்த உதவியாளரிடம் பெட்டியைக் காட்டி, "கிரவுண்டுல பசங்களுக்குக் குடுத்துருப்பா" என்கிறார். அம்மாவின் கை பாதிவரை எழுந்து நிற்கிறது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லாத கை அது. மெல்ல மடிக்கே திரும்புகிறது. சன்னலுக்கு வெளியே மைதானத்தில் பயிற்சி விசில் நிற்கிறது. வியர்வை மினுங்கப் பெட்டியை நோக்கி ஓடி வருகிறவர்களை விலக்கிவிட்டு, கேப்டன் இருப்பதிலேயே பெரிய கொத்தை எடுத்து அண்ணாந்து வாய்க்குமேல் பிடிக்கிறான். அந்தக் கையைப் பார்த்ததும் தர்ஷினி தன் சுடிதார்க் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்து இழுத்து விடுகிறாள், துணி எட்டவில்லை. அவன் துப்பும் விதைகள் வெயிலில் விழுகின்றன. "அங்கன பாக்காத தாயி" என்கிறாள் அம்மா. தர்ஷினி கண்ணை எடுக்கவில்லை. "விடியக்கருக்கல்ல நாந்தேன் பறிச்சேன்" என்கிறாள், யாரிடம் என்றில்லாமல்.