வெட்டிக் கட்டிய வேதம்

தோட்டத்து முதலாளி இருநூறு கிறிஸ்தவ வேதப் புத்தகங்களை பைண்டர் கடையில் இறக்கினார்.

“என் அடிமைங்களுக்குக் குடுக்கணும். கறுப்பாப் பொறந்தவன் சுமக்கத்தான் பொறந்தான்னு ஒரு பக்கம் வரும். அதை விட்டுட்டு, விடுதலை, ஓய்வுன்னு வர்றதையெல்லாம் வெட்டிரு.”

பைண்டர் முழுசாகப் புரட்டிப் பார்த்தார். “கறுப்புன்னு எங்கயும் காணோமே ஐயா?”

“கீழ்ப்படின்னு இருக்கா?”

“சில இடத்துல இருக்கு.”

“போதும். கறுப்பை நான் வாய்ல சொல்லிக்கிறேன்.”

பிழைப்பாயிற்றே என்று பைண்டர் வெட்டினார். புத்தகங்கள் நோஞ்சான்களாகிவிட்டன. வெட்டிய தாள்களைக் குப்பையில் போடப் போனபோது முதலாளி பதறினார்.

“என் காசுல வாங்கின பேப்பருய்யா!” என்று மூட்டை கட்டித் தூக்கிப் போனார்.

மறுமாதம் வந்து பைண்டரின் சட்டையைப் பிடித்தார். “ஏழாம் நாள் ஓய்வாம்! ஒருத்தனும் அசைய மாட்டேங்கறான். எந்தப் பக்கத்தை வெட்டாம விட்டே?”

பைண்டர் அவரோடு தோட்டத்துக்கு ஓடினார். இருநூறு புத்தகங்களும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

“அதை யாரு படிச்சா?” என்றாள், மரத்தடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒருத்தி. அவள் மடியில் எண்ணெய் ஊறிய தாள். “உங்க சமையல்கட்டுலேருந்து ரொட்டியைச் சுத்தி வருதே, அதைத்தான் தினமும் படிக்கிறோம்.”



அவள் தாளைத் திருப்பினாள். “அடிமைகளை விடமாட்டேன்னு ஒரு ராஜா அடம்பிடிக்கிறான். அவன் என்ன ஆனான்னு அடுத்த பக்கத்துலதான் வரும்போல. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே ரொட்டி அனுப்புங்க ஐயா.”