அடுப்புக்குள் இருந்த உறவு

ரசம் வைக்கிற ஈயச் சொம்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கரண்ட் அடுப்பு வந்து உட்கார்ந்தது. வந்ததும் தன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டியது.

"பாத்தீங்களா? ஈயம் சேர்க்காததுன்னு போட்டிருக்கு. ஈயம் விஷமாம். கரண்ட் சாமானுக்குள்ள வரவே கூடாதுன்னு சட்டம் போட்டிருக்காங்க. நீங்களோ உச்சி முதல் அடி வரைக்கும் ஈயம்."

"பிள்ளையாரப்பா, வீட்டுக்காரம்மா அந்தச் சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பழைய சாமானில் போட்டுவிடாமல் காப்பாற்று" என்று சொம்பு வேண்டிக்கொண்டது.

அப்போது அடுப்பின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. கம்பிகளை ஒட்டிப் பிடித்திருந்த, உருக்கிப் பற்றவைத்த உலோகப் பொட்டு அது.

"அழாதீங்க அத்தை. சட்டம் விரட்டினது விஷமான காரீயத்தை. அந்த இடத்துக்கு வந்த நான் வெள்ளீயம், உங்க இனம். நான் பிடியை விட்டா இவ எப்படி எரியறான்னு பார்ப்போம்."

"அப்ப எனக்கும் நீங்க அத்தைதானே" என்று அடுப்பு குழைந்தது.

காலையில் வீட்டுக்காரம்மா சீட்டைப் படித்தாள். சொம்பைக் கையில் எடுத்தாள். அடுப்புக்குப் பதறிப்போயிற்று. "அத்தையைத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று கத்தியது. அவள் காதில் விழுந்ததென்னவோ பீப், பீப் என்ற சத்தம்தான்.

"எதுக்கு இது சும்மா கத்துது?" என்று அவள் சுவிட்சை அணைத்தாள். சொம்பில் புளித்தண்ணீர் ஊற்றிக் கேஸ் அடுப்பில் வைத்தாள்.

"அத்தை, பிழைச்சீங்களா?" என்றது அடுப்பு.

"சத்தம் போடாதேம்மா, ரசம் நுரை கட்டுகிற நேரம்" என்றது சொம்பு.