குழாய் இல்லாத வண்டி

அவளுடைய ஓட்டோ சத்தமே இல்லாமல் வந்து என் பக்கத்தில் நின்றது. எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அந்தச் சத்தமின்மைதான்.

பிரியதர்சினி. லிங்கநகரில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவள். பத்து மாதத்துக்கு முன் அந்த ஏழு பிள்ளைகளும் என் வண்டியில் வந்தவர்கள். இவள் மின்சார ஓட்டோவோடு வந்ததும் தாய்மார் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். புகை இல்லையாம், பிள்ளைக்கு இழுப்பு வராதாம். பதினொரு வருடமாக என் வண்டியில் போன பிள்ளைகள் எல்லாம் இழுப்பு வந்தா செத்துப்போனார்கள்?

அது ஓர் அரசாங்கத் திட்டம். பழைய ஓட்டோவின் பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பற்றரியும் பூட்டிக் கொடுத்தார்கள். பந்தல், மாலை, மேளம் எல்லாம் இருந்தன. அவளுடைய படம் பத்திரிகையில் வந்தது. துறைமுக வீதியில் மின்னேற்றும் நிலையம் வரும் என்றார்கள். அடிக்கல் வந்தது, அதோடு சரி. அவள் இன்றைக்கும் வீட்டு யன்னலால் வயர் இழுத்துத்தான் ஏற்றுகிறாள்.

அப்படிப்பட்டவள் இப்போது வந்து நிற்பது புகைப் பரிசோதனை நிலையத்தில். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதிவுப் புத்தகத்தில் அவளுடைய வண்டி இன்னும் பெற்றோல் வண்டிதான். திருத்தித் தரச் சொல்லிக் கொழும்புக்கு அனுப்பிய விண்ணப்பக் கோவை எட்டு மாதமாகத் திரும்பவில்லை. புத்தகத்தில் பெற்றோல் என்று இருந்தால் புகைச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் வருட வரிப்பத்திரம் கிடைக்காது. அவளுடைய பத்திரம் இன்றோடு முடிகிறது, அலுவலகம் மூன்று மணிக்குப் பூட்டிவிடும். நாளைக்குப் பிள்ளைகளோடு பொலிஸில் அகப்பட்டால் வண்டி போய்விடும்.

அதன்பிறகு அந்தத் தாய்மார் யாரிடம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

காலையில் நின்ற ஆள் போய், மத்தியானத்துக்குத் துவாரகன் வேலைக்கு வந்திருந்தான். புகைக் குழாய்க்குள் செருகும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய வண்டியை இரண்டு தரம் சுற்றினான். குனிந்தும் பார்த்தான்.

“அக்கா, குழாய் இல்லாட்டி மெசின் வேலை செய்யாது. நான் என்ன செய்ய ஏலும்?”

“புகையே வராது எண்டுதானே தம்பி இதைத் தந்தவங்கள்?”

அவன் கம்பியைச் சும்மா காற்றில் பிடித்துப் பார்த்தான். இயந்திரம் கூவியது. புகை இல்லை என்று சொல்வதற்கும் அதற்குக் கொஞ்சம் புகை வேண்டுமாம். நல்ல நாடு, நல்ல இயந்திரம்.

மணி ஒன்றே முக்கால். துவாரகன் இரங்கிவிட்டான். படத்தில் எண் தகடு மட்டும் விழுந்தால் போதும், குழாய் யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை என்று மெல்லச் சொன்னான்.

வேப்பமரத்தடியில் வண்டியோடு நின்றது நான் மட்டும்தான்.

“ஜவாஹிர் நானா, உங்கட ஓட்டோவை ஒருக்கா கிட்டக் கொண்டந்து விடுவீங்களா?”

தரிப்பிடத்தில் அவளுக்கு இடம் கிடைக்கக் கூடாது என்று வண்டியைக் குறுக்கே விடுகிறவன் நான். அவளுடைய முகத்தைப் பார்த்து ஒரு கதை கதைத்தவன் இல்லை. அது அவளுக்கும் தெரியும். வேறு வழியில்லாமல்தான் கேட்டாள்.

“அதுக்கென்ன தங்கச்சி,” என்றேன்.

பின்னால் எடுத்து, அவளுடைய வண்டியை ஒட்டி நிறுத்தினேன். துவாரகன் என் குழாயில் கம்பியைச் செருகிவிட்டு அவளுடைய எண் தகட்டைப் படம் பிடித்தான். கைப்பிடியை முறுக்கச் சொன்னான். நானும் தாராளமாக முறுக்கினேன்.

அவள் சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எனக்குத் தலையை ஆட்டி நன்றி சொன்னாள்.

தாள் வந்தது.

மின்சார வண்டி. அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்கு புகை. பரிசோதனையில் சித்தியில்லை.

கணினியில் ஏறியதை அழிக்க முடியாது என்றான் துவாரகன். வண்டியைத் திருத்திக்கொண்டு இன்னொரு நாள் வரட்டுமாம். அதைச் சொல்லும்போது அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். பழைய வண்டி, எனக்கு எப்படித் தெரியும் என்ற பதிலை வாயில் தயாராக வைத்திருந்தேன். ஏசினால் நானும் ஏசலாம். பத்து மாதமாகச் சேர்த்து வைத்தது நிறைய இருந்தது.

அவள் தாளை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என் வண்டியைப் பார்த்தாள்.

“ஐயோ நானா, அப்ப உங்கட வண்டியும் பெயிலாகுமே! இப்ப காட்டாதேங்கோ. முதல்ல திருத்திப்போட்டு வாங்கோ.”

என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. கவலையில் வைத்தேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

சட்டைப் பைக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்த தாளை நான் பொத்திப் பிடித்திருந்தேன். காலை பதினொரு மணிக்கு, இதே இயந்திரத்தில், இதே புகைக்கு, சித்தியில்லை என்று வந்த என்னுடைய தாள்.