மூன்றாவது ஆசனம்

அவளுடைய முறை வர இன்னும் இரண்டே பேர்.

நீச்சல் தடாகத்தின் நடுவில் ஒற்றை ஆள் படகு கவிழ்கிறது. உள்ளே இருந்தவள் தண்ணீருக்கடியில் புகுந்து, படகை விட்டு வெளியே வந்து, கரை வரை நீந்துகிறாள்.

சோதனை அவ்வளவுதான். தேறினால் ஆற்றில் இறங்கலாம். தேறாவிட்டால் இல்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பதினொரு வருடமாக ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்து முறுக்கேறிய கை.

படகுக் கழகத்திலிருந்து ஹேசல் என்ற வெள்ளைக்காரி சலவைக்கூடத்துக்கே தேடி வந்தாள். எங்கள் கழகத்தில் எல்லாரும் எங்களைப் போல வெள்ளைக்காரராகவே இருக்கிறார்கள், ஆறு எல்லாருக்கும் பொது, உங்கள் ஆட்களும் வாருங்கள் என்றாள். தமிழ்ப் பெண்கள் ஆறு பேர் போனார்கள். குளிர் நாலு பேரைத் திருப்பி அனுப்பியது. மிஞ்சியது அவளும் தவமலரும்.

துடுப்பு இழுத்துப் பழகும் இயந்திரத்தில் அவளை வெல்ல ஆளில்லை. நால்வர் படகில் மூன்றாவது ஆசனம் பலசாலிக்கு. அது உனக்குத்தான் என்று ஹேசல் சொல்லியிருந்தாள். இன்னும் மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், ஊர்ப் போட்டி.

ஆசனம் உனக்கு என்று கேட்ட நாளிலிருந்து பஸ்ஸில் இருக்கும்போதும் அவள் துடுப்பு இழுக்கிறவள்போல முன்னுக்கு வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள்.

ஒன்றே ஒன்றுதான்.

அவளுக்கு நீந்தத் தெரியாது.

கழகம் தமிழில் தந்த படிவத்தில் நீந்தத் தெரியும் என்று சரி போட்டிருந்தாள். நாற்பது வயதில் எழுத்துப் படித்தவள். எழுத்தெழுத்தாய்க் கூட்டி வாசித்து, விளங்கித்தான் போட்டாள். கடற்கரையில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று ஒரு ரோசம்.

பிறந்தது கடற்கரைதான். ஆனால் அங்கே கடல் ஆண்களுக்கு. பெண்களுக்குக் கரை. மீன் வெட்டலாம், கருவாடு காயப்போடலாம், வலையில் பாசி பிடுங்கலாம். பொம்பிளை கால் பட்டால் வள்ளத்துக்கு ஆகாது.

தவமலரோ வன்னியில் வயல்காரர் மகள். குளத்தில் எருமைகளோடு ஊறி வளர்ந்தவள். முதல் ஆளாய்ப் படகைக் கவிழ்த்து, சிரித்துக்கொண்டே வந்து ஏறிவிட்டாள். இப்போது துவாயைப் போர்த்திக்கொண்டு நக்கலடிக்கிறாள். கடல்காரி, கரையில நிண்டே நடுங்கிறாய் என்று.



ஹேசல் மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து மணி வரைதான் தடாகம் அவர்களுக்கு. பட்டியலோடு வந்து, அவள் தோளில் தட்டி, என்னவோ சொன்னாள்.

தவமலர் தமிழில் சொன்னாள். உனக்கு இது தேவையில்லையாம். தீவில பிறந்த மீன்பிடிகாரர் மகளுக்கு நீச்சல் சோதனையா எண்டு கேக்கிறாள். கையெழுத்து மட்டும் வைக்கட்டாம்.

பேனை நீண்டது.

வாங்கினாள்.

ஒரு கையெழுத்து. மூன்றாவது ஆசனம்.

ஆறு என்ன கடலா? படகு என்ன தினமும் கவிழவா போகிறது?

கவிழ்ந்தால், மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் தேடுவார்கள். அவளை ஒருத்தரும் தேடமாட்டார்கள். மீன்பிடிகாரி, நீந்தி வந்துவிடுவாள் என்று விட்டுவிடுவார்கள்.

பேனையை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லு அவளுக்கு. எனக்கு நீந்தத் தெரியாது. பொய்க்குச் சரி போட்டனான். ஆனா ஆசனம் எனக்கு வேணும்."

தவமலர் பல்லைக் கடித்தாள். விசரி, சும்மா இரு, அவளே விடுறாள்தானே என்றாள்.

"நீ சொல்லு."

சொன்னாள்.

ஹேசலின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா தெரியவில்லை. பட்டியலைப் புரட்டினாள். போட்டிக்கு முதல்நாள் சனிக்கிழமை இன்னொரு சோதனை இருக்கிறது, அது வரைதான் இடத்தை வைத்திருக்கலாம், அதற்கு மேல் தன்னால் ஏலாது என்றாள்.

இருபது நாள்.

அவள் தலையாட்டிவிட்டு, தடாகத்தின் ஆழமில்லாத பக்கத்துக்கு நடந்தாள். கயிற்றுக்கு அப்பால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஏணியைப் பிடித்து இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிள்ளைகள் விலகி நின்று பார்த்தார்கள்.

பழக்குகிற பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வரிசையின் கடைசியைக் காட்டினாள்.

விசில் ஊதினாள். எல்லாரும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்கள்.

ஒரு பிள்ளை இருமிக்கொண்டு தலையை எடுத்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாப் பிள்ளைகளும்.

அவள் மட்டும், மூச்சைப் பிடித்தபடி, இன்னும் தலையை எடுக்கவில்லை.