செவ்வந்திக் கோழியின் நூற்றாண்டு விழா

"சேவல்களும் அடைகாக்கட்டும், நாமும் வேலியைத் தாண்டி மேய்வோம்" என்று முதன்முதலில் சொல்லிவிட்டு, சாகும்வரை கொத்து வாங்கியவள் செவ்வந்திக் கோழி. அவளுடைய நூற்றாண்டு விழாவைச் சேவல்கள் ஜமாய்த்துவிட்டன. கோழிகளுக்குப் போட்டிகூட வைத்தன: அதிக நேரம் எழாமல் அடைகாப்பது யார்?

புள்ளிக்கோழிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க, அந்தம்மா எந்திரிக்கத்தானே சொன்னாங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா வாயாடாதே, உட்காரு" என்றார் சேவலார்.

உட்கார்ந்தாள், ஜெயித்தும்விட்டாள். பரிசு, செவ்வந்தியின் பெரிய படம். அதை வாங்கலாமென்று எழப் பார்த்தாள்.

"ஐயோ, முட்டை ஆறிடும்!" என்று அவளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, சேவலாரே மேடையேறிப் படத்தை வாங்கிக்கொண்டார். கொண்டையைச் சிலுப்பியபடி சொன்னார்:

"எங்க வீட்லயும் ஒரு செவ்வந்தி உட்கார்ந்திருக்கா!"