நின்றவருக்கே மனை

மூலை மனையில் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன்.

பிடித்த மனையில் போய் நிற்க வேண்டும், ஆள் வந்து எல்லா மனைக்கும் பெயர் எழுதி முடிக்கும்வரை அசையக் கூடாது, அசைந்தால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று வேனிலேயே சொல்லிவிட்டார்கள்.

கும்பகோணம் தாண்டி, பாபநாசத்துக்குச் சற்று முன்னால், சாலையோரம், சம்பா அறுத்த வயல். அறுத்த தாள் செருப்பைத் தாண்டிக் காலில் குத்தியது. அதற்குள் வெள்ளைக் கல் நட்டு, வாழைமரம் கட்டி, நகர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாகூரிலிருந்து வர இலவச வேன், மதியத்துக்குப் பிரியாணிப் பொட்டலம். நான் பிரியாணிக்கு வரவில்லை.

சவூதியில், தம்மாமில் இருக்கும் ஜாஃபர் மச்சான், என் வீட்டுக்காரர், போனில் சொன்னபடி வந்திருந்தேன். சாலைக்குக் கிட்ட இருக்க வேண்டும், கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், மூலையாகக் கிடைத்தால் விடக் கூடாது. முக்கியமாக, வீட்டில் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.

அறையில் கூடத் தங்கியிருக்கும் மலையாளி ஒருவர் அவருக்குப் பாடம் எடுத்திருந்தார். காசை ஒரே இடத்தில் போடக் கூடாதாம். அதனால் கொஞ்சம் சீட்டு, கொஞ்சம் தேக்குமரத் திட்டம், கொஞ்சம் கும்பகோணத்தில் ஒரு ஃபைனான்ஸ். வட்டி ஹராம் என்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அங்கே அதை லாபப் பங்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். நாங்களும் நிம்மதியாக வாங்கிக்கொண்டோம். எல்லாம் என் கை வழியாகத்தான் போனது. மனைதான் பாக்கி.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்ததைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. ஆனாலும் போனை வைக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்வார், உலகத்திலேயே உன்னை மட்டும்தான் நம்புகிறேன் என்று. போன் பூத்திலிருந்து வீடுவரை அந்த ஒரு வார்த்தையோடுதான் நடந்து வருவேன்.

பக்கத்து மனைக்கு மூச்சு வாங்க ஒருவர் ஓடி வந்து நின்றார். துப்பட்டியை விலக்கியதும் பார்த்தால் சைத்தூன் பீவி மதினி, மச்சானின் சொந்த அக்கா. வேறு வேனில் வந்திருக்கிறார்.

என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. பக்கத்து வீட்டுக்காரிக்காக வந்தேன் என்றார். நானும் என் தங்கைக்காக என்றேன். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

பின்மனையில் ஒருவர் குடையை விரித்துக்கொண்டு நின்றார். தர்கா பக்கம் வாட்ச் கடை வைத்திருக்கும் இப்ராஹிம், மச்சானின் கூட்டாளி. எங்களைப் பார்த்துவிட்டுக் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்தார். பாவம், சின்னக் குடை.

பெயர் எழுதுகிறவர் முதலில் அவரிடம்தான் போனார். எழுதிய பெயரை அங்கேயே மைக்கில் சொல்லி வாழ்த்துவது அந்தக் கம்பெனியின் வழக்கம்.

இருபத்துமூன்றாம் நம்பர் மனை நாகூர் ஜாஃபர் சாதிக்குக்கு என்றார்கள். யாரோ கைதட்டினார்கள். வேறு ஏதோ ஜாஃபர் சாதிக் என்றுதான் நினைத்தேன். மச்சானைச் சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

அடுத்து மதினி. அவர் மெதுவாகத்தான் சொன்னார், மைக்குக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. பதினேழாம் நம்பரும் நாகூர் ஜாஃபர் சாதிக்குக்கே போனது.

மனையை விட்டு ஒருவரும் நகர முடியாது. அதனால் காதோடு காதாகப் பேச வேண்டியதையெல்லாம் அத்தனை பேர் கேட்கக் கத்திப் பேசினோம்.

தம்பி தன்னைத்தான் நம்புகிறான் என்றார் மதினி. என் கையில் காசைக் கொடுத்தால் என் உம்மா வீட்டுக்குப் போய்விடும் என்றாராம். அக்கா கையில் கொடுத்தால் அவர் மருமகனுக்குப் போய்விடும் என்று என்னிடம் சொன்னதை நானும் சொன்னேன். மதினி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை.

இப்ராஹிம் குடையை மடக்கிவிட்டுத் தன் மனையில் நின்றபடியே சமாதானம் பேசினார். பெண்கள் கையில் காசு கொடுத்தால் நகைக்கடைக்குத்தான் போகும் என்றுதான் ஜாஃபர் சொன்னான், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

காசைத்தான் நாலு இடத்தில் பிரித்துப் போடுகிறார் என்று நினைத்திருந்தேன். நம்புகிறேன் என்ற அந்த வார்த்தையையும் பிரித்துப் போட்டிருக்கிறார். ஏமாந்ததைவிட, பூத்திலிருந்து சிரித்த முகமாக வீடு திரும்பிய அத்தனை நாளும் சேர்ந்து எரித்தது.

பெயர் எழுதுகிறவர் என் முன்னால் வந்து நின்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, உங்களுக்கும் ஜாஃபர் சாதிக்தானா என்று கேட்டார்.

நிலோஃபர் என்று எழுதச் சொன்னேன். கணவர் பெயர் கேட்டார். வாப்பா பெயரைப் போடச் சொன்னேன்.

மதினிக்குப் பொறுக்கவில்லை. கால் இரண்டையும் தன் மனைக்குள் வைத்துக்கொண்டே என் பக்கம் எட்டினார்.

"எந்தம்பி அங்க வெயில்ல வெந்து அனுப்புன காசுல உம்பேரா?"

"அந்தக் காசு இல்லீங்க மதினி. இது எங்க உம்மா போட்ட வளையல்."

அந்த ஃபைனான்ஸைத் தை மாதமே பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மனைக்கென்று அவர் அனுப்பியதும் அதில்தான் கிடந்தது. என்னை மட்டும் நம்புகிறவருக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து, யாருக்கும் தெரியாமல் நகைக்கடைக்குத்தான் போனேன். வாங்க அல்ல, விற்க.

மைக்கில் என் பெயரையும் வாப்பா பெயரையும் சொல்லி வாழ்த்தினார்கள்.

பெயர் எழுதுகிறவர் முதலில் என்னிடம் வந்திருந்தால், ஜாஃபர் சாதிக் என்றுதான் எழுதச் சொல்லியிருப்பேன்.